பழைய ரவையும் புதிய ரவையும்

துப்பாக்கிகளைப் பற்றிப் பேசுவோரிடையே ஓயாத வாதம் ஒன்று உண்டு. பழைய ரவைகளே சிறந்தவை, இன்றைய சிறு ரவைகளில் வலுவில்லை என்பதே அது. இதை வெறும் பழம்பெருமை என்று ஒதுக்கிவிட முடியாது. 1990களில் 5.56 மில்லிமீற்றர் ரவைக்கு மாறிய இந்திய இராணுவம், 2019இல் தன் முன்னரங்கப் படையினருக்காக 72,400 புதிய துப்பாக்கிகளுக்கு ஒப்பந்தம் செய்தது. அவை சுடுவதோ பழைய 7.62 ரவையை. அமெரிக்க இராணுவமும் 2022இல் 6.8 மில்லிமீற்றர் ரவையைத் தெரிவு செய்தது.

காரணம் எளிது. நம்மவர் நன்கறிந்த 303 ரவையின் சன்னம் ஏறத்தாழ 11 கிராம், 5.56இன் சன்னம் 4 கிராம். சிறியதில் உதைப்புக் குறைவு, அதிகம் சுமந்து செல்லலாம். பெரியது தொலைவிலும் வலுவிழக்காது.

ஆனால், இம்முறைப்பாடு புதியதன்று. 1888இல் பிரித்தானியப் படைக்கு வந்தபோது 303தான் புதிய சிறு ரவை. 1895இல் சித்ரால் படையெடுப்பின்போது, அது எதிரியை உடனே வீழ்த்தவில்லை, பழைய மார்ட்டினி-ஹென்றியே மேல் என்று முறையிட்டார்கள். அதற்குப் பரிகாரமாகக் கல்கத்தாவை அடுத்த டம்டம் ஆயுதச்சாலையில், உடலுக்குள் விரிந்து சிதைக்கும் சன்னத்தைச் செய்தார்கள். அவ்வகைச் சன்னங்களை 1899ஆம் ஆண்டின் ஹேக் பிரகடனம் தடைசெய்தது.

ஆக, நூறாண்டுகளுக்கு மேலாகக் கேட்கப்படுவது ஒரே கேள்விதான்: சுடப்பட்டவன் விழுந்தானா? விழுந்தவர்களின் தொகையைப் பல பத்தாண்டுகள் செய்தியாக எழுதியவன் என்ற முறையில், இக்கேள்வியை நான் மறுபக்கத்திலிருந்து பார்க்க விரும்புகிறேன்.

மட்டக்களப்பு வாவியின் மேற்கே, படுவான்கரையில் உள்ளது கொக்கட்டிச்சோலை. தான்தோன்றீஸ்வரர் ஆலயத்தால் புகழ்பெற்ற இவ்வூரை, 1987 ஜனவரியில் இறால் பண்ணையிலும், 1991 ஜூன் 12இல் மகிழடித்தீவுப் பகுதியிலும் நிகழ்ந்த படுகொலைகளோடு சேர்த்தே உலகம் அறிந்தது. 1991இல் குண்டுவெடிப்பொன்றில் இரு சிப்பாய்கள் இறந்தபின் படையினர் ஊர்களுக்குள் புகுந்தனர். கொல்லப்பட்டோர் ஊரவர் கணக்கில் 152. ஜனாதிபதி ஆணைக்குழுவின் கணக்கில் 67. இராணுவ நீதிமன்றம் குற்றவாளியாகக் கண்டது ஓர் அதிகாரியை மட்டுமே. பதவி நீக்கமே தண்டனை. மனித உயிர்களின் கணக்கே இவ்வாறிருக்க, செலவான ரவைகளுக்கு எவர் கணக்குக் கேட்பார்?

இலங்கைப் படைகளின் வழக்கமான துப்பாக்கி ரி-56. 30 ரவைகள் கொண்ட கூடு. விசையை அழுத்திப் பிடித்தால் சில நொடிகளில் அது காலி. 303இன் கூட்டில் இருப்பவை 10. ஒவ்வொரு சூட்டுக்குப் பின்னும் கையால் இழுத்து அடுத்ததை ஏற்ற வேண்டும். அதாவது, ஒவ்வொரு சூடும் தனித் தீர்மானம். நான் பழைய ரவையின் பக்கம் நிற்பது இதற்காகவேயன்றி, அதன் வலுவுக்காக அல்ல.

ஜாலியன்வாலாபாக்கைச் சுட்டிக்காட்டி இதை மறுக்கலாம். நியாயமே. 1919 ஏப்ரல் 13இல் அங்கே 50 சிப்பாய்கள் சுட்டது 303 ரவைகளைத்தான்; அரசின் கணக்கிலேயே 379 பேர் மடிந்தனர். பழைய ரவை எவரையும் காக்கவில்லை. ஆயினும் 1,650 ரவைகள் என்று சுடுவித்த டயரே கணக்குக் கொடுத்தார். அவர் தரப்பில் சொல்லப்பட்ட எந்தச் சமாதானமும் அந்த எண்ணைத் தாண்டிச் செல்ல முடியவில்லை.

2008இல் மும்பாயில் 303 ஏந்திய காவலர்கள் தானியங்கித் துப்பாக்கிகளின் முன் திணறியதும் உண்மையே. அத்தகைய தாக்குதல்களை எதிர்கொள்ளத் தனிப் படைப்பிரிவுகள் இருக்கட்டும். ஆனால், எரிபொருள் விலையை எதிர்த்து 2022 ஏப்ரலில் ரம்புக்கனையில் கூடியவர்கள் போர்வீரர்கள் அல்லர். அங்கே பொலிஸார் சுட்டதில் ஒருவர் உயிரிழந்தார். மக்கள் முன் நிற்கும் பொலிஸாரின் கையில் தானியங்கித் துப்பாக்கி எதற்கு?

போர் 2009இல் முடிந்தது. குடிமக்களிடையே பணியாற்றுவோருக்கு ஒவ்வொன்றாகச் சுடும் துப்பாக்கியே போதும். கொடுத்த ரவை எத்தனை, திரும்பியது எத்தனை என்ற பதிவு நீதிமன்றம் கேட்கும்போது மேசைக்கு வரவேண்டும். கொக்கட்டிச்சோலை மக்களுக்கு அன்று கிடைக்காத கணக்கு, இனி எவருக்கும் மறுக்கப்படக் கூடாது.