அளவுகோலை உடைத்துவிட்டால் பத்திரிகை பிழைத்துவிடுமா?

நமது தேசத்தில் பத்திரிகைகளுக்குப் பூரண சுதந்திரம் இருப்பதாக மேடைதோறும் பேசப்பட்டு வருகிறது. ஆனால் பாரிஸ் நகரத்தில் "எல்லைகளற்ற செய்தியாளர்கள்" என்ற ஒரு சங்கத்தார், 2002ஆம் வருஷம் முதல் தேசங்களின் பத்திரிகைச் சுதந்திரத்தை அளந்து பட்டியல் வெளியிட்டு வருகிறார்கள். அதில் 180 தேசங்களுக்குள் நமக்குக் கிடைத்த இடம் 2023இல் 161, 2025இல் 151. முதலிடம் நார்வேக்கு.

இதற்கு நமது மந்திரிகள் சொல்லும் சமாதானம் வெகு வேடிக்கையானது. 2021இல் நாம் 142ஆவது இடத்தில் இருந்தபோது, விசாரிக்கப்பட்டவர்களின் தொகை சொற்பம், அளக்கும் முறை சந்தேகத்துக்கிடமானது, ஆகையால் ஒப்புக்கொள்ள முடியாது என்று பார்லிமெண்டில் சொல்லப்பட்டது.

நாம் அந்தப் பட்டியலை வேதவாக்காகக் கொள்ளும்படி யாரையும் கேட்கவில்லை. வேதத்தையே கேள்வி கேட்கச் சொல்லும் நாம் பாரிஸ் பட்டியலுக்கு மாத்திரம் கற்பூரம் கொளுத்துவோமா? மன்னராட்சி நடக்கும் கத்தார் தேசம் அதில் நமக்கு வெகுதூரம் முன்னே நிற்பதைப் பார்த்தால் நமக்கும் சிரிப்பு வரத்தான் செய்கிறது. ஆனால், தராசு கோணல் என்கிறவன் வேறு நல்ல தராசு கொண்டுவந்து சரக்கை நிறுத்துக் காட்ட வேண்டுமா, வேண்டாமா? சர்க்காரும் 2020இல் ஒரு கமிட்டி போட்டுப் பார்த்தார்கள். அதன் அங்கத்தினருள் ஒருவரான பி. சாய்நாத்தே, கமிட்டியின் நகல் அறிக்கை பத்திரிகைக்காரர்கள் படும் பாட்டை உள்ளபடி காட்டவில்லையென்று மாறுபட்டுக் குறிப்பு எழுதினார்.

பாரிசுக்குப் போவானேன்? அதே 2020 ஏப்ரலில், தொற்றுநோய் ஊரடங்கின்போது, நமது கோவையில் நடந்ததைப் பாருங்கள். அரசாங்க டாக்டர்களுக்குச் சரிவரச் சாப்பாடு கிடைக்கவில்லை என்றும், ரேஷன் விநியோகத்தில் ஊழல் என்றும் எழுதிய ஓர் இணையப் பத்திரிகையின் நிறுவனர் கைது செய்யப்பட்டார். புகார் கொடுத்தவர் மாநகராட்சி அதிகாரி. அவர்மேல் வீசப்பட்ட சட்டங்களில் ஒன்று 1897இல் வெள்ளைக்காரன் செய்து வைத்த தொற்றுநோய்ச் சட்டம்! செய்தி பொய்யானால் மறுப்பு வெளியிட எத்தனை நாழிகை ஆகும்? 1933 அக்டோபரில் வெளிவந்த ஒரு தலையங்கத்துக்காக "குடி அரசு" ஆசிரியர் ஈ.வெ.ரா.வும், அதை வெளியிட்ட கண்ணம்மாளும் இராஜத்துரோகக் குற்றத்துக்கு விசாரிக்கப்பட்டதும் இதே கோவையில்தான். வெள்ளைக்காரன் கப்பலேறிப் போய்விட்டான். வழக்குப் போடும் வழக்கம் மாத்திரம் இங்கேயே தங்கிவிட்டது. சென்னை சர்க்காரின் யோக்கியதையும் அப்படித்தான் இருந்தது. 2011 முதல் 2016 வரை அவர்கள் தொடுத்த அவதூறு வழக்குகள் 213. அவற்றில் 55 பத்திரிகைகள் மீது.

நிற்க, வழக்குக்கு அஞ்சாத பத்திரிகையும் விளம்பரத்துக்கு அஞ்சுகிறது. ஜவுளிக்கடையும் நகைக்கடையும் காலேஜும் முதல் பக்கம் முழுவதையும் வாங்கிக்கொண்ட பிறகு, அந்தக் கடைச் சிப்பந்தியின் சம்பளத்தைப் பற்றி உள்பக்கத்தில் எவன் எழுதுவான்? சர்க்கார் விளம்பரமோ கொடுத்தால் தயவு, நிறுத்தினால் தண்டனை. நார்வேயிலும் 1969 முதல் சர்க்கார் பத்திரிகைகளுக்குப் பணம் கொடுக்கத்தான் செய்கிறது. ஆனால் விதியை எழுதி வைத்து அதன்படி கொடுக்கிறது. சிறு பத்திரிகைகள் பெரியவற்றால் விழுங்கப்படாமலிருக்கக் கொடுக்கிறது. மந்திரியின் முகம் பார்த்துக் கொடுப்பதில்லை.

இதெல்லாவற்றையும்விட நமக்குப் பெரிதாகப்படுவது வேறொன்று. நமது பத்திரிகைகளில் தலைமைப் பதவிகளில் இருப்பவர்கள் யார்? 2019இல் ஓர் ஆராய்ச்சியில் அப்படிப்பட்ட 121 பதவிகளை எண்ணிப் பார்த்தார்கள். 106இல் மேல்ஜாதியார். ஆதிதிராவிடரோ பழங்குடியாரோ ஒருவர்கூட இல்லை. இந்தியப் பத்திரிகைகளில் மேல்ஜாதி இந்து ஆண்களே பெரிய பதவிகளில் இருக்கிறார்கள் என்று அந்தப் பாரிஸ் சங்கத்தாருக்கே தெரிந்திருக்கிறது. நமது தேசாபிமானிகளின் கண்ணுக்குத்தான் தெரியவில்லை.

2018இல் அவிநாசிக்கு அடுத்த திருமலைக்கவுண்டன்பாளையம் பள்ளிக்கூடத்தில், ஆதிதிராவிட அம்மாள் ஒருவர் சமைத்ததை எங்கள் பிள்ளைகள் சாப்பிடுவதா என்று மேல்ஜாதியார் கலகம் செய்தார்கள். கலகமானதால் செய்தியாயிற்று. கலகமாகாமல் தினந்தோறும் நடப்பது எத்தனை? பூரண சுதந்திரம் பேசும் கனவான்கள், அந்த அம்மாள் ஜாதியில் பிறந்த ஒருவரை ஒரு பெரிய தினசரியின் ஆசிரியர் நாற்காலியில் உட்காரவைத்து நமக்குக் காட்டட்டும். அதன் பிறகு 151ஐப் பற்றி அவர்களோடு பேசிக்கொள்ளுகிறோம்.