விலக்கிவைப்பது பாதுகாப்பு ஆகுமா?

“மாசமா இருக்கும்போது அரிப்பு வர்றது சகஜம்தான், பிரசவம் ஆனா சரியாயிடும்.” கர்ப்பிணிகள் அடிக்கடி கேட்கும் இந்த ஆறுதல் பல வேளைகளில் உண்மையே. ஆனால் இரவில் அரிப்பு கூடி, விரலிடுக்கிலும் மணிக்கட்டிலும் சிறு கொப்புளங்கள் தோன்றி, வீட்டில் மற்றவர்களும் சொறிந்துகொண்டிருந்தால், அது பெரும்பாலும் சிரங்கு. தோலின் மேலடுக்கைத் துளைத்து முட்டையிடும் நுண்ணிய உண்ணியே அதற்குக் காரணம். உலக சுகாதார நிறுவனம் 2017இல் இதனைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களுள் ஒன்றாகச் சேர்த்தது.

கர்ப்பிணிக்கும் இதற்கு மருந்து உண்டு. 5 சதவீத பெர்மெத்ரின் களிம்பைக் கழுத்து முதல் பாதம் வரை தடவி, 8 முதல் 14 மணி நேரம் கழித்துக் கழுவ வேண்டும். ஒரு வாரத்திற்குப் பின் மறுபடியும் தடவ வேண்டும். வீட்டார் அனைவரும் ஒரே நாளில் மருந்திட வேண்டும். தோல்வழியே உடலுக்குள் செல்லும் அளவு மிகக் குறைவு என்பதால், மருத்துவர்கள் கர்ப்ப காலத்தில் முதலில் தெரிவுசெய்வது இதையே. ஆயினும் “எதற்கு வம்பு” என்ற தயக்கத்தில் சிகிச்சை தள்ளிப்போகிறது. தள்ளிப்போடுவதற்கும் விலை உண்டு: உறக்கமிழப்பு, சொறிந்த புண்ணில் பாக்டீரியாத் தொற்று, பிறந்த குழந்தைக்கும் சிரங்கு. 2 மாதம் நிறையாத குழந்தைக்கோ மருந்துத் தெரிவுகள் இன்னும் குறைவு.

இத்தயக்கத்தின் வேர் தாலிடோமைடு துயரத்தில் இருக்கிறது. அம்மருந்து கருவில் என்ன செய்யும் என்று ஆராயாமலேயே கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கப்பட்டது. முறையாக ஆராய வேண்டும் என்பதே அதிலிருந்து கற்க வேண்டிய பாடம். உலகம் கற்றுக்கொண்டதோ பெண்களை ஆய்விலிருந்தே விலக்கிவைக்க. கருத்தரிக்கும் வாய்ப்புள்ள பெண்களைத் தொடக்கநிலை மருந்தாய்வுகளில் சேர்க்க வேண்டாமென அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 1977இல் வழிகாட்டியது. அத்தடை நீங்க 1993 ஆயிற்று.

ஐவர்மெக்டினைப் பாருங்கள். 2015இல் நோபல் பரிசு பெற்ற கண்டுபிடிப்பு. நம் நாட்டின் யானைக்கால் ஒழிப்புத் திட்டத்தில் பல மாவட்டங்களில் வழங்கப்படும் மூன்று மருந்துகளுள் ஒன்று. கர்ப்பிணிகளுக்கு அது தரப்படுவதில்லை. போதிய சான்று இல்லாத நிலையில் அது சரியே. ஆனால் அச்சான்றைத் திரட்டும் பொறுப்பு யாருடையது? கருவுற்றதை அறியாமலே அதை விழுங்கிவிடும் பெண்களும் உண்டு. அவர்களுடைய பேறுகால விளைவுகளை முறையாகப் பதிவு செய்தாலே நாம் அறியக்கூடியது ஏராளம்.

இது இயலாத காரியமன்று. தாய்லாந்து–மியான்மர் எல்லையில் அகதிப் பெண்களின் கர்ப்பகாலப் பதிவேடுகளைக் கொண்டு 2007இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. பெர்மெத்ரின் பெற்ற 196 பேரையும், பென்சைல் பென்சோயேட் பெற்ற 444 பேரையும், மருந்து பெறாத கர்ப்பிணிகளோடு ஒப்பிட்டார்கள். பேற்றின் விளைவுகளில் பாதகமான வேறுபாடு தென்படவில்லை. யார்மீதும் புதிதாக எதையும் சோதிக்கவில்லை. ஒழுங்காக எழுதிவைத்த ஏடுகளே சான்றாயின.

அகதி முகாமில் முடிந்தது நம்மால் முடியாதா? நம் கர்ப்பிணிகளின் கையில் தாய்-சேய் பாதுகாப்பு அட்டை இருக்கிறது. தோல் நோய்க்கும் குடற்புழுவுக்கும் பெற்ற மருந்து, பெற்ற மாதம், பேற்றின் விளைவு ஆகிய மூன்றையும் அதில் தவறாமல் குறித்து, ஒன்றோடொன்று இணைத்துப் பார்க்கலாம். ஆய்வுத் தலைப்புத் தேடும் மருத்துவ, பொதுச் சுகாதார மாணவர்களிடம் என் வேண்டுகோள் இதுவே. தெரியாது என்று கர்ப்பிணியைத் திருப்பி அனுப்புவது எளிது. தெரிந்துகொள்வது நம் கடமை.