அயலார் சத்திரத்தில் ஆசிரியர் சபை

உபாத்தியாயர்கள் தங்களுக்குள் கூடிப் பேசித் தொழிலை விருத்தி செய்துகொள்ள எவருடைய உத்தரவும் வேண்டியதில்லை. அமெரிக்காவில் 2009-ஆம் வருஷத்தில் இது கண்கூடாயிற்று. ஸ்டீவன் ஆண்டர்சன், டாம் விட்பி, ஷெல்லி டெரல் ஆகிய மூவர் ட்விட்டரில் 'எட்சாட்' என்னும் சம்பாஷணையை ஆரம்பித்தனர். செவ்வாய்க்கிழமைதோறும் ஒரு விஷயம். ஒரு மணி நேரம். பதிவு ஒன்றுக்கு 140 எழுத்து. (மணிக்கணக்கில் பேசிப் பழகியவர்களுக்கு இதுவே நல்ல பயிற்சி!) சுற்றறிக்கை அனுப்பிக் கையெழுத்து வாங்கி நடத்தும் வகுப்புகளில் கிட்டாத துணை, ஒண்டியாய்த் தவித்த உபாத்தியாயர்களுக்கு இங்கே கிட்டலாயிற்று.

ஆனால், சபை கூடிய இடம் யாருடையது? 2022 அக்டோபரில் ஈலான் மஸ்க் ட்விட்டரை 4,400 கோடி டாலருக்கு வாங்கினார். மறு வருஷம் அதன் பெயரே 'எக்ஸ்' என்று மாறிற்று. உபாத்தியாயர்களில் பலர் வெளியேறினர், கூட்டம் சிதறிற்று. கல்விக்கென்றே 2008-இல் தோன்றிய எட்மோடோவும் 2022 செப்டம்பரில் கதவைச் சாத்திவிட்டது. அங்கே சேர்த்து வைத்த பாடக் குறிப்புகளை ஆசிரியர்கள் மூட்டை கட்டிக்கொண்டு புறப்பட வேண்டியதாயிற்று. இரண்டு முடிவுகளிலும் அவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சர்க்காரே இதை ஏற்று நடத்தலாமே என்பாருளர். நாம் அதை ஒப்பவில்லை. மேலதிகாரி காது கொடுத்திருக்கும் இடத்தில், 'இந்தப் பாடம் என் வகுப்பில் பலிக்கவில்லை' என்று எந்த உபாத்தியாயர் வாய் திறப்பார்? உபயோகிப்போரே நடத்திக்கொள்ளக்கூடிய மாஸ்டடான் 2016 முதல் இருந்து வருகிறது. சம்பளத்திற்காகத் திரளும் ஆசிரியர் சங்கங்கள், சந்தாப் பணத்தில் ஒரு பகுதியை ஒதுக்கி அத்தகைய தளமொன்றைத் தமக்கென அமைத்துக்கொள்ள வேண்டும். அடுத்த மகாநாடு வரை காத்திராமல் நிர்வாக சபைகளே இதைத் தீர்மானிக்கலாம்.