கணக்கும் தலையெழுத்தும்

சுமார் 1100 வருஷங்களுக்கு முன் உத்திரமேரூர்க் கல்வெட்டிலே, குடத்தில் போடும் ஓலையில் பெயரெழுத நிலமும் வேதப் படிப்பும் வேண்டுமென்று வெட்டி வைத்தார்கள். இன்று ஐ.ஐ.எம். கல்லூரிகளுக்கான ‘கேட்’ பரீட்சை பட்டத்தைக் கேட்கிறதேயொழிய நிலத்தையும் வேதத்தையும் கேட்பதில்லை. அதன் கணக்குப் பகுதியும் பெரும்பாலும் சதவிகிதம், விகிதம், வட்டி, வேகம் முதலிய பள்ளிக்கூடக் கணக்கேயாகும்.

அப்படியிருக்க, நம் வாலிபர்கள் “கணக்கு வராது, தலையெழுத்து” என்பது என்ன நியாயம்? நெல் மூட்டைக்கு விலை போடும் தாயாருக்கு எந்தத் தலையெழுத்து கணக்குச் சொல்லிக் கொடுத்தது?

நிற்க, 2024-ம் வருஷத்துப் பரீட்சையில் கணக்குக்கு 40 நிமிஷம், 22 கேள்விகள். சரியான விடைக்கு 3 மார்க்கு. நான்கில் ஒன்றைத் தெரிந்தெடுக்கும் கேள்வியில் தவறினால் 1 மார்க்கு போகும். கண்ணை மூடித் தொட்டால் சராசரியாக நான்குக்கு ஒன்றுதான் சரியாகும். அதில் 3 வரும். மற்ற மூன்றில் 3 போகும். மிச்சம் சைபர்! அதிர்ஷ்டத்தின் யோக்கியதை இவ்வளவுதான்.

ஆகவே தோழர்களே! பழைய கேள்வித்தாள்களைக் கடிகாரம் வைத்துப் போடுங்கள். தவறியதைக் காரணத்துடன் ஒரு நோட்டில் எழுதி, மறுவாரம் விடையைப் பாராமல் மறுபடியும் போடுங்கள். இரண்டு நிமிஷத்தில் பிடிபடாத கேள்வியை விட்டு நகரப் பழகுங்கள். தேங்காய் உடைக்கும் நேரத்தில் இன்னும் நாலு கணக்குப் போட்டால் மார்க்கு தானே ஏறும் என்பதே நமதபிப்பிராயம்.