டிசம்பரில் மல்லிகையிடம் பூ கேட்காதீர்கள்

பனி கொட்டும் நாட்டில் இருக்கும் மகளின் மல்லிகைச் செடி பூக்கவில்லை என்று தெரிந்ததும் மலேசியாவில், பினாங்கின் நிபோங் திபாலில் இருந்து போகும் முதல் யோசனை, "தண்ணி பத்தலை போல, நல்லா ஊத்தும்மா." இரண்டாவது, "கொஞ்சம் உரம் போட்டுப் பாரு." இரண்டுமே அந்தச் செடியைச் சாகடிக்கும் யோசனைகள். சொல்கிறவரைக் குறை சொல்வதற்கில்லை. வெயிலும் மழையும் மாறி மாறி வரும் ஊரில், வாசல் தொட்டியில் வாடி நிற்கும் செடிக்கு இந்த இரண்டும்தான் தெரிந்த வைத்தியம். வெளிச்சத்தைக் காசு கொடுத்து வாங்க வேண்டிவரும் என்று இங்கே யாருக்குத் தோன்றப் போகிறது?

டொரோண்டோவில் வாங்கத்தான் வேண்டும். நிபோங் திபால், நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஐந்து பாகைதான். ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இங்கே ஏறக்குறைய 35 நிமிடமே வித்தியாசம். டொரோண்டோவில் ஜூன் பகல் பதினைந்து மணி நேரத்தைத் தாண்டும். டிசம்பர் பகலோ ஒன்பது மணி நேரத்தைத் தொடாது. அந்த ஒன்பதும் முழுசாகக் கிடைப்பதில்லை. டிசம்பர் 21 நண்பகலில் நிபோங் திபாலில் சூரியன் அடிவானத்தில் இருந்து 61 பாகை உயரத்தில் நிற்கும். அதே நாள், அதே நண்பகல், டொரோண்டோவில் 23 பாகை. நம் ஊரில் மாலை ஐந்தரை, ஆறு மணிக்கு விழும் சாய்வு வெயில்தான் அங்கே உச்சி வெயில். அதுவும் மேகம் விட்டால்தான்.

மனிதக் கண் இதில் நம்மை நன்றாக ஏமாற்றுகிறது. திறந்த வெளியில் உச்சி வெயிலின் அளவு ஒரு லட்சம் லக்ஸ் வரை போகும். விளக்கெல்லாம் போட்டுப் 'பளிச்' என்று இருக்கும் வீட்டுக் கூடத்தில் சில நூறு லக்ஸ் தேறினால் அதிகம். கண்மணி விரிந்து சமாளித்துக்கொள்வதால் நமக்குக் குறை தெரிவதில்லை, இலைக்குத் தெரியும். வெளிச்சம் குறைந்தால் இலை உணவு சமைப்பது குறையும், வேர் நீர் குடிப்பதும் குறையும். அந்த நேரத்தில் ஊற்றும் தண்ணீர் குளிர்ந்த மண்ணில் தேங்கி வேரை அழுக வைக்கும். போடும் உரம் உப்பாகப் படிந்து வேர் நுனியைக் கருக்கும். இலை மஞ்சளாவதைப் பார்த்துவிட்டு இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுவார்கள். கதை முடிந்தது.

காற்றும் பகை. மைனஸ் பத்துப் பாகைக் குளிரில் ஒரு கன மீட்டர் காற்று இரண்டு கிராம் ஈரத்துக்குச் சற்று அதிகமாகத்தான் தாங்கும். அதே காற்றை வீட்டுக்குள் இழுத்து இருபது பாகைக்குச் சூடாக்கினால், பதினேழு கிராம் தாங்கக்கூடிய காற்றில் இருப்பது அந்த இரண்டு கிராம் மட்டுமே. சமையல், குளியல், மூச்சு என்று வீடு சேர்க்கும் ஈரத்தையும் கூட்டினாலும் ஈரப்பதம் இருபது, முப்பது விழுக்காட்டில்தான் நிற்கும். எண்பது விழுக்காட்டு ஈரக் காற்றில் பழகிய செடிக்கு அது பாலைவனம். சிவப்புச் சிலந்திப் பேனுக்கு அதுதான் சொர்க்கம். இலையின் அடிப்பக்கத்தில் மெல்லிய வலை தெரிந்தால் மருந்துக் கடைக்கு ஓட வேண்டாம். வாரம் ஒருமுறை குளியலறைக்குத் தூக்கிப் போய் இலையின் அடிப்பக்கம் நனையும்படி பூவாளிக் குழாயால் கழுவினாலே பெரும்பாலும் கட்டுக்குள் நிற்கும்.

இவ்வளவும் செய்தால் டிசம்பரில் மல்லிகை பூத்துவிடுமா? பெரும்பாலும் பூக்காது. பூக்கவும் வேண்டாம் என்பதே இந்தக் கட்டுரையின் கட்சி.

மதுரையிலேயே சரியாகப் பூக்காத மாதத்தில் டொரோண்டோவின் ஸ்காபரோவில் ஏன் பூக்க வேண்டும்? 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லி, மார்ச் தொடங்கிக் கோடையில்தான் கொட்டிப் பூக்கிறது. மார்கழி, தையில் வரத்து சுருங்கி, கிலோ ஆயிரக்கணக்கான ரூபாய்க்குப் போவது ஆண்டுதோறும் நாளிதழ்ச் செய்தி. நவம்பர் கடைசி வாரத்தில் செடியைத் தரையில் இருந்து 50 சென்டிமீட்டர் உயரத்துக்கு வெட்டிவிடச் சொல்கிறது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். பூ விற்றுப் பிழைக்கிற விவசாயியே, விலை உச்சிக்கு ஏறும் நேரத்தில் செடியை மொட்டையாக வெட்டி ஓய்வுக்கு அனுப்புகிறார். ஓய்வெடுத்த செடி விடும் புதுத் துளிரின் நுனியில்தான் மொட்டு வரும் என்பது அவருக்குத் தெரியும். ஜன்னலோரத் தொட்டியில் ஒரே ஒரு செடி வைத்திருப்பவருக்குத்தான் அந்தப் பொறுமை இருப்பதில்லை.

ஓய்வு என்பது நிபோங் திபாலுக்குப் புதிதல்ல. இந்த வட்டாரத்தில் கரும்பு போய் ரப்பர் வந்தது. இப்போது பெரும்பகுதி செம்பனை. ரப்பர் இருந்த காலத்தில், ஆண்டின் தொடக்க மாதங்களில் மழை குறைந்ததும் மரங்கள் இலை சிவந்து உதிர்த்து நிற்கும். துரைமார் அதை 'வின்டரிங்' என்பார்கள். பனியே காணாத நாட்டில் மரத்துக்கு ஒரு குளிர்காலம்! புதுத் துளிர் வரும்வரை பால் குறையும். பால்மரம் வெட்டுகிறவர் வீட்டு அடுப்பும் சேர்ந்து தணியும். அந்த மாதங்களில் மரத்தை மிரட்டிப் பால் வாங்க முடியாது என்பதைத் தோட்டத்துப் பாட்டிகள் நன்றாக அறிவார்கள்.

அந்த ரப்பர் மரமே பனி நாட்டில் வீட்டுக்குள் வளர்க்கப்பட்ட செடிதான் என்பது பலருக்கு மறந்துபோன சங்கதி. 1876 ஜூனில் ஹென்றி விக்காம் பிரேசிலில் இருந்து கொண்டுவந்த சுமார் 70,000 ரப்பர் விதைகள் லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்தின் கண்ணாடி வீடுகளில் விதைக்கப்பட்டன. முளைத்தவை சில ஆயிரம் மட்டுமே; பெரும்பாலானவை இலங்கைக்குக் கப்பலேறின. மறு ஆண்டு, 1877-இல், கியூவில் இருந்து 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றில் 9 பேராக்கின் கோலகங்சாரில் நடப்பட்டன. நிபோங் திபாலில் இருந்து காரில் போனால் மதியச் சாப்பாட்டுக்கு முன் போய்ச் சேர்ந்துவிடக்கூடிய ஊர். தமிழர்கள் இந்த மண்ணுக்குத் திரள்திரளாக வந்ததற்கு ஒரு காரணமான மரம், லண்டன் குளிரில் கண்ணாடிக் கூரையின் கீழ் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தது. அங்கே அதனிடம் யாரும் பூவும் கேட்கவில்லை, பாலும் கேட்கவில்லை. உயிரோடு இருந்தால் போதும் என்றார்கள்.

பிரான்சின் வெர்சாய் அரண்மனையிலும் அதே கொள்கைதான். 1684-க்கும் 1686-க்கும் இடையில் கட்டிடக்கலைஞர் அர்துவான் மான்சார் அங்கே எழுப்பிய ஆரஞ்சு மாளிகையில் அடுப்பு கிடையாது. தடித்த சுவர், தெற்கு பார்த்த பெரிய ஜன்னல்கள், அவ்வளவே. உள்ளே வெப்பம் ஐந்து பாகைக்குக் கீழே இறங்காது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆரஞ்சு, எலுமிச்சை, மாதுளை மரங்கள் தொட்டியோடு அக்டோபரில் உள்ளே போய் மே நடுவில் வெளியே வரும். பதினான்காம் லூயியின் காலத்து வழக்கம் இன்றுவரை தொடர்கிறது.

இல்லை, வெள்ளை வெளேர் என்ற ஜனவரியில் வீட்டுக்குள் ஒரு பூவாவது வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கும் வழி உண்டு. குளிரைக் கேட்டு வாங்கிப் பூக்கும் செடியை வைக்க வேண்டும். மேலை நாட்டுக் கடைகளில் குளிர்காலக் கடைசியில் விற்கும் இளஞ்சிவப்பு மொட்டு மல்லிகை, பாலியாந்தம், சீனா, மியன்மார் மலைப்பகுதிகளின் செடி. இலையுதிர் காலத்தில் சில வாரங்கள் ஜில்லென்ற இரவுகள் கிடைத்தால்தான் அது மொட்டுக் கட்டும். சூடேற்றிய கூடத்தில் செல்லமாக வைத்துக் காப்பாற்றினால் பூக்காது. குளிர்ந்த, வெளிச்சமான மூலையில் சும்மா விட்டால் பூக்கும். நிபோங் திபாலுக்குக் கொண்டுவந்தால் வெறும் கொடியாகப் படர்ந்து கிடக்கும். நம் குண்டுமல்லிக்கு நேர் எதிர்.

இன்னொன்றைக் கேட்டால் பினாங்குக்காரர்களுக்கே ஆச்சரியமாக இருக்கும். சீனப் புத்தாண்டுக்குப் பரிசுப் பொருளாக வந்து குவியும் பெரிய பூ ஃபலனாப்சிஸ் ஆர்க்கிட், இங்கே மறுபடி பூப்பதைவிட டொரோண்டோ ஜன்னலில் சுலபமாகப் பூக்கும். அந்தக் கலப்பினங்கள் பூந்தண்டு விட வேண்டுமானால் வெப்பம் சில வாரங்களுக்கு 25 பாகையை ஒட்டியோ அதற்குக் கீழேயோ இருக்க வேண்டும். நிபோங் திபாலின் பகல் 32 பாகையைத் தொடுகிறது. ஆகவே முதல் பூ உதிர்ந்தபின் ஆண்டுக்கணக்கில் இலையை மட்டும் துடைத்துக்கொண்டிருப்பதுதான் மிச்சம். பெரும்பாலான வீடுகளில் அந்தப் பொறுமையும் இல்லை. பங்குனி வருவதற்குள் தொட்டி குப்பைக்குப் போய்விடுகிறது. விலை கொடுத்து இந்தச் சோகத்தை வாங்குவானேன்? டென்ட்ரோபியம், வாண்டா, தீபகற்பத்துக் காட்டுக்கே சொந்தமான ஃபலனாப்சிஸ் வயலேசியா என்று இந்தச் சூட்டிலேயே பூக்கும் ஆர்க்கிட்கள் எத்தனையோ இருக்கின்றன. பரிசு கொடுப்பவர்கள் கொஞ்சம் யோசிக்கலாம்.

செயற்கை வெளிச்சத்தின் மறுபக்கத்தைப் பார்க்கக் கனடா வரை போக வேண்டியதில்லை; கேமரன் மலைக்குப் போனால் போதும். இரவில் அங்கே சரிவுகளில் பிளாஸ்டிக் கூரைகளின் கீழ் விளக்குகள் எரியும். உள்ளே சாமந்தி. ஜப்பானுக்கு ஏற்றுமதியாகும் பூ. அந்த விளக்கு பூக்க வைப்பதற்கு அல்ல, பூக்காமல் தடுப்பதற்கு! சாமந்திக்கு இரவு நீண்டால் மொட்டு வரும். மலேசியாவில் ஆண்டு முழுக்க இரவு பன்னிரண்டு மணி நேரத்தை ஒட்டியே இருப்பதால், விட்டால் சாண் உயரத்திலேயே பூத்துவிடும். நடு இரவில் விளக்கைப் போட்டு இரவை உடைத்து, தண்டு வளர்ந்தபின் விளக்கை நிறுத்துகிறார்கள். அதன்பின் மொட்டு வருகிறது. அமெரிக்க விஞ்ஞானிகள் கார்னரும் அல்லார்டும் 1920-இல் புகையிலையை வைத்து எழுதிய பாடம், கேமரன் தோட்டக்காரருக்கு அன்றாட வேலை.

பனி நாட்டு வீடுகளில் பலர் இடறுவதும் இதே இடத்தில்தான். கிறிஸ்துமஸ் நேரத்தில் சிவக்கும் பாயின்செட்டியாவுக்கு இரண்டு மாதம், நாள்தோறும் பதினான்கு மணி நேர முழு இருட்டு வேண்டும். மல்லிகைக்கு வாங்கிய விளக்கின் கீழ் அதையும் வைத்தால் கிறிஸ்துமஸ் வந்து போகும், இலை பச்சையாகவே நிற்கும்.

மல்லிகையைக் கரையேற்ற நினைப்பவர் செய்ய வேண்டியது அதிகமில்லை. இரவு வெப்பம் பத்துப் பாகைக்கு இறங்கும் முன், செப்டம்பர் கடைசியிலேயே, தொட்டியை உள்ளே எடுக்க வேண்டும். தெற்கு ஜன்னலோரம் வைக்க வேண்டும். கண்ணாடியில் இலை படக் கூடாது, சூடு ஊதும் துவாரத்தின் எதிரிலும் கூடாது. மேலே ஓர் அடி உயரத்தில் முழுநிறமாலை எல்ஈடி விளக்கு ஒன்றைத் தொங்கவிட்டு, பன்னிரண்டு மணி நேரத்துக்கு டைமர் வைக்கலாம். கூடத்தின் நடுவில் அழகுக்காக உச்சியில் தொங்கும் விளக்கு உதவாது. தூரம் இரட்டித்தால் வெளிச்சம் கால் பங்காகிவிடும். விரலை மண்ணில் விட்டுப் பார்த்து, மேல் அங்குலம் காய்ந்தபின் மட்டும் தண்ணீர். உரம் வேண்டவே வேண்டாம்.

பிப்ரவரி கடைசியில் பகல் ஓரளவு நீண்டதும் கத்தரியை எடுத்து மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிடலாம். உரம் அப்போதுதான். மே நடுவுக்குப் பிறகு, உறைபனி அபாயம் நீங்கியதும், செடி பால்கனிக்குப் போகலாம். முதல் நாளே நேர் வெயிலில் வைத்தால் ஏழெட்டு மாதம் கண்ணாடிக்குப் பின்னால் வளர்ந்த இலை வெந்துவிடும். ஒரு வாரம், பத்து நாள் நிழலில் பழக்க வேண்டும். ஊரில் இருந்து தொலைபேசியில் யோசனை சொல்ல விரும்பும் அம்மாக்களுக்கும் அப்பாக்களுக்கும் சரியான நேரம் அதுதான். அப்போது "நல்லா தண்ணி ஊத்து, கொஞ்சம் உரம் போடு" என்று தாராளமாகச் சொல்லலாம்.