சிரைப்பது அவ்வளவு கேவலமா?

பதிவு கொஞ்சம் நீளம். நேரம் இல்லாதவர்கள் கடந்து போகலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்களுக்கென்று எங்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. போன வாரம் அதில் ஒருவர், பேரனுக்குப் பிறந்தநாள் பரிசாக வாங்கிய ஐந்து பிளேடு ரேசரைப் படம் எடுத்துப் போட்டிருந்தார். "இதற்குப் பதில் இரண்டு பக்க பிளேடு போடுகிற பழைய ஷேவிங் செட் ஒன்று வாங்கிக் கொடுத்து, பக்கத்தில் நின்று கற்றுக்கொடுங்கள் சார், ஆயுசுக்கும் வரும்" என்று நான் எழுதினேன். உடனே இன்னொருவரிடமிருந்து பதில் வந்தது: "சிரைக்கிறதை எல்லாம் ஒரு படிப்பா கத்துக்கணுமா சார்?" அதற்குக் கீழே பதினோரு சிரிப்புப் பொம்மைகள். போட்டவர்கள் அத்தனை பேரும் ஆசிரியர்கள்.

அந்த ஒரு வரிக்குத்தான் இந்தப் பதிவு.

ஆமாம் சார், கற்றுக்கொள்ளத்தான் வேண்டும். அது கைவேலை. கற்க ஒன்றுமில்லை, கீழான வேலை என்று நாம் முகம் சுளித்து ஒதுங்கிய இடத்தில்தான் கம்பெனிக்காரன் வந்து உட்கார்ந்தான். நம் கைக்கு வரவேண்டிய பழக்கத்தை பிளாஸ்டிக்கில் அடைத்து நமக்கே விற்கிறான்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். ஐந்தாம் வகுப்புக் கணக்குதான். வாரம் நான்கு முறை சவரம் செய்கிறவருக்கு ஆண்டுக்கு 208 சவரம். எங்கள் தெருக் கடையில் இரண்டு பக்க பிளேடு ஒன்று 3 ரூபாய். ஒரு பிளேடு நான்கு முறை தாங்கும். ஆக 52 பிளேடு, 156 ரூபாய். பல பிளேடு கார்ட்ரிட்ஜ் ஒன்றின் விலையை 150 ரூபாய் என்று குறைத்தே வைப்போம். அது 13 முறை வரும் என்று தாராளமாகவும் வைப்போம். 16 கார்ட்ரிட்ஜ், 2400 ரூபாய். வித்தியாசம் 2244. விலை ஒரு பைசாகூட ஏறாது என்று வைத்தாலும், இருபது வயதுப் பேரன் அறுபது வயதுக்குள் 89,760 ரூபாய் கூடுதலாகக் கட்டுவான். தாத்தா கொடுத்தது பரிசு அல்ல, மாதத் தவணை.

கட்டாமல் தப்பவும் முடியாது. கைப்பிடி ஒரு கம்பெனி என்றால் கார்ட்ரிட்ஜும் அதே கம்பெனிதான். ஷேவிங் செட்டில் அந்தப் பூட்டு இல்லை. நம் நாட்டு டோபாஸ் போடலாம், எகிப்தில் செய்த பிளேடு போடலாம், ரஷ்யாவில் செய்ததும் போடலாம். எல்லாம் ஒரே அளவு, ஒரே துளை. இத்தனைக்கும் இதைக் கொண்டுவந்தவரும் ஒரு வியாபாரிதான். அமெரிக்காவின் கிங் கேம்ப் ஜில்லெட் 1903இல் விற்பனை தொடங்கியபோது முதல் ஆண்டில் போனது 51 ரேசர், 168 பிளேடு. 1904இல் காப்புரிமை கிடைத்தது. கைப்பிடியைச் சும்மா கொடுத்துவிட்டு பிளேடில் சம்பாதித்த தந்திரக்காரர் என்று மேலாண்மை வகுப்பில் அவரைப் பற்றிச் சொல்வார்கள். உண்மையில் அந்த ரேசர் அன்றைக்கு 5 டாலர், நல்ல விலை. 1921இல் காப்புரிமை முடிந்து போட்டி வந்த பிறகுதான் விலை இறங்கியது. பூட்டு உடைந்ததால் லாபம் நமக்கு வந்தது. அப்புறம் ஐம்பது ஆண்டு கழித்து, 1971இல் இரட்டை பிளேடு கார்ட்ரிட்ஜ் என்ற புதுப் பூட்டு. 1998இல் மூன்று பிளேடு, 2003இல் போட்டிக் கம்பெனியிடமிருந்து நான்கு, 2006இல் ஐந்து. 2004இல் தி ஆனியன் என்ற அமெரிக்க நையாண்டிப் பத்திரிகை, ஐந்து பிளேடு வரப்போகிறது என்று கேலியாக எழுதியது. அடுத்த ஆண்டே கம்பெனி அதை நிஜமாகவே அறிவித்தது.

முதல் பிளேடு முடியை இழுக்கும், அடுத்தது தோலுக்குக் கீழே வெட்டும் என்பது விளம்பரம். அதுவே சிலருக்கு வினை. சுருட்டை முடிக்காரர்களுக்கு, தோலுக்குக் கீழே வெட்டப்பட்ட முடி உள்பக்கமாக வளைந்து தோலைக் குத்தும். கழுத்தில் சிவப்பாகப் பருப்பருவாக வருகிறதே, அதற்கு இதுவும் ஒரு காரணம். அப்படிப்பட்டவர்களுக்குத் தோல் மருத்துவர்கள் ஒற்றை பிளேடைத்தான் சொல்கிறார்கள். நம் பையன்கள் பருவை மறைக்கக் களிம்பு வாங்குகிறார்கள். அது தனிச் செலவு.

இன்னொரு வேடிக்கை. அதே ஜில்லெட் நிறுவனம் 2002இல் இந்தியாவுக்கென்று ஒரு ரேசர் கொண்டுவந்தது. அதைச் சோதித்தது அமெரிக்காவில், எம்.ஐ.டி.யில் படித்த இந்திய மாணவர்களை வைத்து. அங்கே குழாயைத் திறந்தால் தண்ணீர். இங்கே ஒரு சொம்புத் தண்ணீரில் முழுச் சவரமும் முடிய வேண்டும். முடி அடைத்துக்கொண்டது. பிறகு நம் ஊர் வீடுகளுக்கு வந்து உட்கார்ந்து பார்த்துவிட்டு, 2010இல் 15 ரூபாய்க்கு ஒரு ரேசர், 5 ரூபாய்க்கு அதன் கார்ட்ரிட்ஜ் என்று விற்றார்கள். அதில் எத்தனை பிளேடு தெரியுமா? ஒன்று. பணம் இருப்பவனுக்கு ஐந்து தேவைப்படுகிற முகம், ஏழைக்கு ஒன்றிலேயே வழவழப்பாகிவிடுகிறது!

சரி, விலை போகட்டும். எனக்கு வலிப்பது அந்த 'சிரைக்கிறது' என்ற சொல்.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் ஊரில் வீடு வீடாக வந்து சவரம் செய்த பெரியவர் ஒருவர் இருந்தார். அடைப்பத்தைப் பிரித்தால் கத்தி, கல், தோல்வார், சின்னப் பித்தளைக் கிண்ணி. சோப்பெல்லாம் கிடையாது. தண்ணீரைத் தொட்டுத் தொட்டு, முடி இளகும்வரை விரலால் தேய்த்துக்கொண்டே இருப்பார். சவரத்தில் பாதி வேலை அதுதான். கத்தியைக் கல்லில் போடும்போது அதன் முதுகும் விளிம்பும் ஒன்றாகக் கல்லில் படியும்படி படுக்கவைத்துத் தேய்ப்பார். என்ன கோணம் என்பதை முதுகின் கனமே பார்த்துக்கொள்ளும். கல்லில் விளிம்பு முன்னால் போகும். தோல்வாரில் தலைகீழ், முதுகு முன்னால் போக வேண்டும். கோடியில் திருப்பும்போது முதுகின் மேல்தான் உருட்டித் திருப்ப வேண்டும். விளிம்பின் மேல் திருப்பினால் கத்தியும் போச்சு, வாரும் போச்சு. பிறகு இடது கைக் கட்டைவிரலால் கன்னத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டு, பேசிக்கொண்டே, கழுத்து நரம்பின் மேல் அந்தக் கத்தியை நடத்துவார். ஒரு கீறல் கிடையாது. நம்மில் எத்தனை பேருக்கு எந்த வேலையிலாவது அந்தக் கை வாய்த்திருக்கிறது?

அவருக்குக் கூலி, அறுப்புக் களத்தில் அளந்து போடுகிற நெல். பத்து வயதுப் பையன்கள் அவரை ஒருமையில் 'வா, போ' என்றார்கள். அந்தச் சமூகத்து ஆண்கள் கட்டி கீறி மருந்து வைத்தார்கள், பெண்கள் ஊருக்கெல்லாம் பிரசவம் பார்த்தார்கள். மருத்துவர் என்ற பெயர் சும்மா வரவில்லை. தன் தலைப்பிள்ளையைக் கையில் ஏந்திய அம்மாவின் வீட்டுக்காரரைத்தான் ஊர் திண்ணையில் ஏறவிடவில்லை. கத்தியைப் பிடித்தவரை ஊர் ஒதுக்கியது. அந்தக் கத்தி சேரிக்குப் போகக்கூடாது என்றும் அதே ஊர்தான் கட்டளை போட்டது. தலித்துகளுக்கு முடிவெட்ட மறுத்த செய்தி இன்றும் பத்திரிகையில் வருகிறது.

பிறகு நாம், படித்தவர்கள், என்ன செய்தோம்? பெருக்கல் வாய்ப்பாடு ஒப்பிக்காத பையனைப் பார்த்து, "நீ சிரைக்கத்தான் லாயக்கு" என்றோம். வகுப்பறைகளில் என் காதால் கேட்டிருக்கிறேன். அதே வகுப்பில் மூன்றாவது வரிசையில் முடிதிருத்தும் தொழிலாளியின் மகன் உட்கார்ந்திருப்பான். மற்ற பிள்ளைகள் திரும்பி அவனைப் பார்ப்பார்கள். இதற்காகத் தலைமை ஆசிரியர் அறையில் இரண்டு முறை சண்டை போட்டிருக்கிறேன். "சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னது சார்" என்பார்கள். பதினோரு சிரிப்புப் பொம்மையும் அந்தப் பேச்சின் மிச்சம்தான்.

இப்போது காற்று மாறி அடிக்கிறது. பெங்களூரில் வேலை பார்க்கும் என் பழைய மாணவன் ஒருவன் ஜெர்மனியின் சோலிங்கன் ஊர்க் கத்தி ஒன்றைப் பல ஆயிரம் கொடுத்து வாங்கியிருக்கிறான். வார் தீட்டப் பழகிவிட்டான், நன்றாகவும் செய்கிறான். எனக்கு சந்தோஷம்தான். ஆனால் அவன் நண்பர்கள் அதைக் 'கலை' என்கிறார்கள், 'தியானம்' என்கிறார்கள். வேப்பமரத்தடியில் நடந்தபோது அது வசைச்சொல், அடுக்குமாடிக் கண்ணாடி முன்னால் நடந்தால் தியானமா? கத்தியைக் கல்லில் போட்டுத் தர ஆள் இருக்கிறதா என்று அவன் கடை கடையாக விசாரித்தான். கிடைக்கவில்லை. எய்ட்ஸ் விழிப்புணர்வு வந்த பிறகு கடைகளில் எல்லாம் பாதி பிளேடைச் செருகும் கத்திக்கு மாறிவிட்டார்கள். கடைக்கு அதுதான் சரி. பத்துப் பேர் முகத்தில் ஒரே கத்தி போகக்கூடாது. ஆனால் அப்பாவிடமிருந்து அந்த வித்தையைக் கற்கவேண்டிய பிள்ளையை வெட்கப்பட்டு ஓடவைத்தது எய்ட்ஸ் அல்ல, நாம்.

கத்தி எல்லாருக்கும் வேண்டாம். ஷேவிங் செட் போதும், ஒரு வாரத்தில் கை பழகிவிடும். குளித்த பிறகு செய்யுங்கள், அல்லது இரண்டு மூன்று நிமிடம் வெந்நீர்த் துணியை முகத்தில் வையுங்கள். பிரஷ்ஷைச் சுழற்றி நுரை ஏற்றுங்கள். ரேசர் தலையைக் கன்னத்தில் தட்டையாக வைத்து, பிளேடு லேசாகத் தொடும்வரை கைப்பிடியைக் கீழே இறக்குங்கள். கிட்டத்தட்ட 30 டிகிரி. அழுத்தவே அழுத்தாதீர்கள், ரேசரின் சொந்த எடை போதும். கார்ட்ரிட்ஜ் பழகிய கைக்கு இதுதான் கஷ்டம். முடி எந்தப் பக்கம் வளர்கிறது என்று முதல் நாளே தடவிப் பாருங்கள், கழுத்தில் அது பக்கவாட்டில்கூடப் போகும். முடி போகிற திசையிலேயே முதல் சுற்று. வேண்டுமென்றால் மறுபடி நுரை போட்டுக் குறுக்கே ஒரு சுற்று. கடைசியில் குளிர்ந்த தண்ணீர், படிகாரக் கல். முகச்சவரக் களிம்பென்று அறுநூறு ரூபாய்க்கு எதுவும் தேவையில்லை.

வெட்டிக்கொள்ளும் என்பார்கள். முதல் வாரம் ஒன்றிரண்டு கீறல் விழும். சைக்கிள் பழகும்போது விழவில்லையா?

ஒரே ஒரு எதிர்வாதத்துக்கு நான் தலைவணங்குவேன்: பழைய பிளேடை அப்படியே குப்பையில் போட்டால் தூய்மைப் பணியாளரின் கையைக் கிழிக்கும். கார்ட்ரிட்ஜும் மட்காது, பிளாஸ்டிக்கும் எஃகும் பிரிக்க முடியாதபடி ஒட்டியிருக்கும் என்றாலும், அது இந்தக் குற்றத்துக்குப் பதிலாகாது. காலி பவுடர் டப்பா ஒன்றின் பக்கத்தில் பிளேடு நுழையும் அளவுக்கு ஒரு கீறல் போடுங்கள். மூடியை ஒட்டிவிடுங்கள். பழைய பிளேடு எல்லாம் அதற்குள் போகட்டும். நிறைந்ததும் கீறலையும் அடைத்து, மேலே 'பிளேடு' என்று பெரிதாக எழுதி, தனியாகக் கையில் கொடுத்து, வாயாலும் சொல்லுங்கள். பிளேடின் கனம் 0.1 மில்லிமீட்டர்தான், சீக்கிரம் நிறையாது. நான் ஓய்வுபெற்ற மாதத்தில் வைத்த டப்பா இன்னும் பாதிகூட நிறையவில்லை.

எந்த பிளேடு, எந்த ஷேவிங் செட் என்று பின்னூட்டத்தில் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். 'சிரைக்கிற' நகைச்சுவை மட்டும் வேண்டாம். நீக்கிவிடுவேன், எழுதியவர் எனக்கு எவ்வளவு மூத்தவராக இருந்தாலும்.