குழந்தை என்ன, லக்கேஜா?

இத்தாலிக்குக் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர்களிடம் ஒரே ஒரு கேள்வி. நீங்கள் யாருக்காகப் போகிறீர்கள்?

'பசங்களுக்காகத்தான் சார். அவங்க நாலு ஊரு பார்க்கணும்ல' என்பீர்கள். நல்லது. டூர் கம்பெனி கொடுத்த அட்டவணையை எடுத்து ஒரு தடவை பொறுமையாகப் படியுங்கள். காலை ஏழு மணிக்கு பஃபே டிபன். எட்டரைக்கு வாட்டிகன் மியூசியம். அப்புறம் சிஸ்டைன் சேப்பல், செயின்ட் பீட்டர்ஸ். மதியம் இந்தியன் லஞ்ச். கொலோசியத்தின் வாசலில் போட்டோ. ட்ரெவி ஊற்றில் இருபது நிமிஷம். ஆறரைக்கு மறுபடி இந்தியன் டின்னர். விடிந்தால் ஃபிளாரன்ஸுக்கு பஸ். இதில் எட்டு வயசுப் பையனை மனதில் வைத்து எழுதிய ஒரு வரியைக் காட்டுங்கள் பார்ப்போம். கிடைக்காது. அவன் அந்தக் காகிதத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் வருகிறான். கட்டணப் பட்டியலில், 'சைல்ட் வித்தவுட் பெட்' என்று.

பெட்டிக்கும் அவனுக்கும் என்ன வித்தியாசம்? பெட்டி 'கால் வலிக்குது' என்று சொல்லாது. அவ்வளவுதான்.

வாட்டிகன் மியூசியத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாக் கூடங்களையும் சேர்த்தால் சுமார் ஏழு கிலோமீட்டர் என்பார்கள். அவ்வளவும் நடப்பதில்லை என்றாலும், சிஸ்டைன் சேப்பலுக்குப் போய்ச் சேர்வதற்குள் பெரியவர்களுக்கே முழங்கால் கழன்றுவிடும். உள்ளே பேசக்கூடாது, போட்டோ எடுக்கக்கூடாது. மைக்கேலாஞ்சலோ 1508-லிருந்து 1512 வரை நாலு வருஷம் கழுத்தை ஒடித்துக்கொண்டு வரைந்த கூரை, தரையிலிருந்து சுமார் 20 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நாலடி உயரப் பையனுக்கோ முன்னால் நிற்பவரின் முதுகுப்பைதான் தெரியும். 'டேய், மேலே பாருடா. இதைப் பார்க்க எத்தனை லட்சம் தெரியுமா?' என்று காதைக் கடிக்கிறார் அப்பா. பையன் பார்க்கிறான். அவன் கேட்க நினைப்பதெல்லாம், 'ரூமுக்கு எப்போப்பா போலாம்?'

மைக்கேலாஞ்சலோ மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. அவரை ஒரு குழந்தைக்குத் தண்டனையாக மாற்றுகிறோமே, அதைத்தான் கேட்கிறேன். பத்து நாளில் இருபது சர்ச், முப்பது சிலை என்று திணித்து அனுப்பினால், அந்தப் பையன் ஊருக்கு ஒரே ஒரு பாடத்தோடுதான் திரும்புவான்: பழசு என்றால் போர். அப்புறம் இருபது வயசில் அவனைத் தஞ்சாவூருக்குக் கூப்பிட்டால், 'நீங்க போயிட்டு வாங்கப்பா' என்பான். நஷ்டம் உங்கள் லட்சத்தோடு முடிவதில்லை.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. நம்மூரில் தெருவுக்கு ஒரு மான்டிசோரி பள்ளி. அட்மிஷனுக்கு எவ்வளவு ஃபீஸ் கேட்டாலும் கட்டுகிறோம். அந்தப் பெயருக்குச் சொந்தக்காரி இதே ரோமில் படித்து டாக்டரான மரியா மான்டிசோரி. 1907-ம் வருஷம் ஜனவரி 6-ம் தேதி, ரோமில் சான் லொரென்ஸோ என்கிற ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில், அப்பா அம்மா வேலைக்குப் போனபின் மாடிப்படிகளில் அடம் பண்ணித் திரிந்த குழந்தைகளுக்காக ஒரு வீட்டைத் திறந்தார். 'குழந்தைகளின் வீடு' என்றுதான் அதற்குப் பெயர். குழந்தை உயரத்துக்கு மேஜை, குழந்தை கைக்கு எட்டும் அலமாரி. கையால் தொட்டுச் செய்வதில்தான் குழந்தை கற்கிறது, அது ஆழ்ந்து செய்யும் வேலையைப் பெரியவர்கள் குறுக்கிட்டுக் கெடுக்காதீர்கள் என்றார். அந்த அம்மாள் 1939-ல் நம் அடையாறுக்கே வந்து ஆசிரியைகளுக்குப் பாடம் நடத்தினார். யுத்தத்தால் ஊர் திரும்ப முடியாமல், 1946 வரை இந்தியாவில்தான் இருந்தார். கொடைக்கானலிலும் கொஞ்ச காலம்.

ஆக, அவர் சொன்னதை சென்னையில் காசு கொடுத்து வாங்குகிறோம். அவர் படித்த ஊருக்குப் போனதும், 'தொடாதே, ஓடாதே, பேசாதே, சீக்கிரம் வா' என்கிறோம். இதைவிட நல்ல ஜோக் நான் கேட்டதில்லை.

'சரி சார், ரோமில் குழந்தைக்கு அப்படி என்னதான் இருக்கு?' என்று கேட்கிறீர்களா? கேளுங்கள்.

தெருக்குழாய் இருக்கிறது. சிரிக்காதீர்கள். ரோம் நகரில் சுமார் 2,500 இரும்புக் குழாய்த் தூண்கள் இருக்கின்றன. 1870-களில் வைக்கத் தொடங்கியவை. வளைந்த குழாய் மூக்கு மாதிரி இருப்பதால் 'நசோனே', அதாவது பெரிய மூக்கு என்று செல்லப்பெயர். குடிதண்ணீர் இலவசமாக ஓடிக்கொண்டே இருக்கும். குழாய் வாயை விரலால் அடைத்தால், மேலே இருக்கும் சின்ன ஓட்டை வழியாகத் தண்ணீர் வளைந்து பீய்ச்சும். குனியாமல் குடிக்கலாம். இந்த ரகசியத்தை ஒரு தடவை காட்டிவிட்டால், அடுத்த மூக்கைத் தேடிக்கொண்டு பையன் உங்களுக்கு முன்னால் ஓடுவான். அத்தனை தூரமும் 'கால் வலிக்குது' என்ற வார்த்தையே வராது.

பீரங்கி இருக்கிறது. ஜானிகோலோ குன்றின் மேல் தினமும் பகல் பன்னிரண்டு அடித்ததும் சிப்பாய்கள் ஒரு பீரங்கியை வெடிக்கிறார்கள். குண்டு கிடையாது, சத்தம் மட்டும். ஊரில் ஒவ்வொரு சர்ச் மணியும் ஒவ்வொரு நேரத்தில் மதியம் அடித்துக் குழப்பியதால், 1847-ல் போப் ஒன்பதாம் பயஸ் ஏற்படுத்திய வழக்கம். 1904-லிருந்து இந்தக் குன்றில் நடக்கிறது. காதைப் பொத்திக்கொண்டு காத்திருந்து, 'டமார்' என்றதும் குதிப்பதற்கு டிக்கெட் கிடையாது.

பூனைகள் இருக்கின்றன. லார்கோ அர்ஜென்டினா என்கிற இடத்தில் இடிந்த கோயில்களுக்கு நடுவே பூனைகளுக்கு ஒரு காப்பகம். உங்கள் மகள் அரை மணி நேரம் பூனைகளை எண்ணட்டும். எண்ணி முடித்ததும் மெதுவாகச் சொல்லுங்கள், 'ஜூலியஸ் சீஸரைக் குத்தினது இங்கேதாம்மா, கி.மு. 44-ல.' 'எங்கே? எதுக்கு? யாரு குத்தினாங்க?' என்று அவளே கேட்பாள். கைடு ஒரு மணி நேரம் மைக்கில் கத்தினாலும் வராத கேள்வி பூனை வழியாக வரும்.

அவென்டைன் குன்றில் ஒரு பச்சைக் கதவின் சாவித் துவாரத்தில் கண்ணை வைத்தால், செடிகள் வளைத்த பாதைக்கு அப்பால் செயின்ட் பீட்டர்ஸின் குவிமாடம் குட்டியாகத் தெரியும். வில்லா போர்கேஸே பூங்காவில் ஏரியில் துடுப்புப் படகு, அதன் பக்கத்துப் பின்சியோ மேட்டில் தண்ணீரால் ஓடும் கடிகாரம். பியாட்ஸா தெல் பொப்போலோவிலிருந்து கொஞ்ச தூரத்தில், பழைய டிராம் டெப்போ ஒன்றை 2001-ல் 'எக்ஸ்ப்ளோரா' என்று குழந்தைகளுக்கான மியூசியமாக்கினார்கள். அங்கே எல்லாவற்றையும் தொடலாம். தொடுவதற்காகவே வைத்திருக்கிறார்கள்.

கொலோசியத்தைப் பார்க்க வேண்டாம் என்றா சொல்கிறேன்? கட்டாயம் பாருங்கள். ஆனால், உள்ளே போய்ப் பாருங்கள். அரங்கத்தின் தரைக்குக் கீழே விலங்குகளைக் கூண்டில் வைத்து, மனிதர்கள் கைப்பலத்தால் சுற்றி மேலே ஏற்றிய மர லிஃப்டுகள் இருந்தன. அதே மாதிரி ஒன்றை 2015-ல் செய்தும் வைத்தார்கள். தரை திறந்து சிங்கம் எழும்பும் இடத்தைக் காட்டாமல், வாசலில் வரிசையாக நிற்கவைத்துப் போட்டோ எடுத்து பஸ்ஸில் ஏற்றுகிறார்களே, இது என்ன நியாயம்? அங்கே பதினெட்டு வயசுக்குக் கீழே நுழைவுக் கட்டணமே கிடையாது. இத்தாலியின் அரசு மியூசியங்கள் எல்லாவற்றிலும் அப்படித்தான்.

ஃபிளாரன்ஸிலும் இதே கதை. டுவோமோவின் குவிமாடத்துக்கு 463 படி, லிஃப்ட் இல்லை. உஃபிஸியில் அறை அறையாக மடோனா. அங்கிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் 'இன்னொசென்ட்டி' என்ற கட்டடம். ப்ருனெல்லெஸ்கி வடிவமைப்பில் 1419-ல் கட்டத் தொடங்கி, 1445-ல் திறந்த அனாதைக் குழந்தைகள் இல்லம். முகப்பில் நீல வட்டங்களுக்குள் துணி சுற்றிய களிமண் குழந்தைகள். உள்ளே மியூசியத்தில் சின்னச் சின்ன இழுப்பறைகள். ஒவ்வொன்றிலும் பாதியாக உடைத்த ஒரு காசு, பாதிப் பதக்கம், ஒரு மணி, ஒரு துண்டு ரிப்பன். வளர்க்க வழியில்லாமல் குழந்தையை விட்டுப்போன அம்மாக்கள், ஒரு பாதியைக் குழந்தையோடு வைத்துவிட்டு மறுபாதியைத் தங்களோடு எடுத்துப்போனார்கள். என்றைக்காவது திரும்பி வந்தால் அடையாளம் காட்ட. இதை எந்தக் குழந்தைக்கும் விளக்க வேண்டியதில்லை. சும்மா இழுப்பறையைத் திறக்க விடுங்கள். உங்கள் கையை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். டூர் அட்டவணையில் இந்த இடத்தை நான் பார்த்ததே இல்லை.

பினோக்கியோவும் இந்த ஊர்க்காரர் கொல்லோதி எழுதியதுதான். 1881-ல் ரோமிலிருந்து வந்த குழந்தைகள் வாரப் பத்திரிகையில் தொடராக வந்தது. மரப்பொம்மையை ஓக் மரத்தில் தூக்கில் தொங்கவிட்டு 'முற்றும்' போட்டுவிட்டார். குழந்தைகள் விடவில்லை. எதிர்ப்பு கிளம்ப, 1882-ல் தொடரை மறுபடி ஆரம்பிக்க வேண்டியதாயிற்று. 1883-ல் புத்தகமாக வந்து உலகம் பூராவும் போனது. நூற்று நாற்பது வருஷத்துக்கு முன்பே இத்தாலியில் குழந்தைகளின் குரலுக்கு ஒரு பத்திரிகை ஆசிரியர் செவிசாய்த்தார். நம் டூர் மேனேஜர் சாய்க்க மாட்டேன் என்கிறார்.

இப்போது உங்கள் ஆட்சேபணைகளுக்கு வருகிறேன்.

'குழாயையும் பூனையையும் பார்க்கவா இவ்வளவு செலவு?' செலவு ரோமுக்கு. ரோம் என்பது சீல் வைத்த பெட்டிக்குள் இருக்கும் சிலை மட்டும் இல்லையே. மேலும், செலவழித்தது நீங்கள். அந்தக் கடனை எட்டு வயசுப் பையனின் கால் ஏன் அடைக்க வேண்டும்?

'எங்களுக்கும் பார்க்க ஆசை இருக்காதா?' நியாயமான கேள்வி. அம்மா சிஸ்டைனுக்குப் போகட்டும், அப்பா பிள்ளையோடு படகு விடட்டும். மறுநாள் மாற்றிக்கொள்ளுங்கள். குடும்பம் என்றால் எல்லோரும் எல்லா இடத்திலும் ஒரே கொடிக்குப் பின்னால் நடக்க வேண்டும் என்று யார் சொன்னது?

'குழந்தைகளுக்குன்னே ஆக்டிவிட்டி எல்லாம் இருக்கே. கிளாடியேட்டர் ஸ்கூல், பீட்ஸா செய்யும் வகுப்பு!' இருக்கிறது. மர வாளைப் பிடித்து இரண்டு மணி நேரம் சண்டை பழகுவது, வாட்டிகன் வரிசையில் நிற்பதைவிட ஆயிரம் மடங்கு மேல். வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால், காலை மியூசியம், பிற்பகல் கிளாடியேட்டர், மாலை பீட்ஸா என்று அதையும் அட்டவணையில் நெருக்கினால், அது இன்னொரு டியூஷன். குழந்தைக்கு நீங்கள் வாங்கித்தர முடியாத ஒரே பொருள் வெறும் நேரம். அதைத்தான் முதலில் வெட்டுகிறீர்கள்.

அந்த வெறும் நேரம் இத்தாலியில் எப்போது கிடைக்கும் தெரியுமா? சாயங்காலம். வெயில் இறங்கியதும் ஊரே சதுக்கத்துக்கு வரும். தாத்தாக்கள் பெஞ்சில், அம்மாக்கள் ஜெலாட்டோவோடு, குழந்தைகள் பந்தோடு. அங்கே ராத்திரிச் சாப்பாடே ஏழரைக்கு மேல்தான். ஒன்பது மணிக்கும் குழந்தைகள் ஓடிக்கொண்டிருக்கும், யாரும் அதட்ட மாட்டார்கள். ஒரு வார்த்தை பாஷை தெரியாமலே உங்கள் பையன் பத்து நிமிஷத்தில் கோல்கீப்பர் ஆகிவிடுவான். அந்த நேரத்தில் நம் குழு எங்கே? ஆறரைக்கே பனீர் பட்டர் மசாலாவை முடித்துக்கொண்டு, ஊருக்கு வெளியே ரிங் ரோடு ஓரம் இருக்கும் ஓட்டலுக்கு பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கிறது. குழந்தைகளுக்காக ஊர் திறக்கிற நேரத்தில் குழந்தைகளை ரூமில் பூட்டுகிறோம்.

ஆகவே, அடுத்த தடவை பணம் கட்டுவதற்கு முன்னால் டூர் கம்பெனியிடம் மூன்றே மூன்று விஷயம் கேளுங்கள். ஒரு நாளைக்கு ஒரு பெரிய இடம், அதற்குமேல் வேண்டாம். ஓட்டல் ஊருக்குள்ளே, நடக்கிற தூரத்தில். ஒரு சாயங்காலமாவது முழுசாக எங்களுக்கு. முடியாது என்றால், வேறு கம்பெனியைப் பாருங்கள், இல்லாவிட்டால் நீங்களே போங்கள். கேட்கிறவர்கள் கூடினால் அட்டவணை தானாக மாறும். பினோக்கியோவுக்கே உயிர் வந்ததே!

போனால் பியாட்ஸா நவோனாவுக்குக் கட்டாயம் போங்கள். நீளமாக, ஒரு முனை வளைந்து இருக்கும். ஏன் தெரியுமா? முதலாம் நூற்றாண்டில் டொமிஷியன் சக்கரவர்த்தி ஓட்டப்பந்தயங்களுக்காகக் கட்டிய ஸ்டேடியம் அது. பார்வையாளர் வரிசை மேல் வீடுகள் வந்துவிட்டன, ஓடுகிற இடம் மட்டும் அப்படியே இருக்கிறது. அங்கே நின்றுகொண்டுதான் நம்மவர்கள், 'டேய், ஓடாதேடா!' என்கிறார்கள்.

விடுங்கய்யா, ஓடட்டும்.